மாணவர் இருக்கையிலிருந்து பேராசிரியர் மேடைக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே, தென்னந்தோப்புகளும் வயல்களும் சூழ அமைந்த ஊர் கூமாப்பட்டி. 2025ஆம் ஆண்டு சூன் திங்களில் இவ்வூரின் பெயர் தமிழகமெங்கும் ஒலித்தது. உள்ளூர் இளைஞர் ஒருவர் தம் ஊரின் நீரையும் பசுமையையும் புகழ்ந்து இன்ஸ்டாகிராமில் வெளியிட்ட காட்சியே அதற்குக் காரணம். அதைக் கண்டு வெளியூர் மக்கள் திரண்டு வந்தனர். ஆனால் பிளவக்கல் அணைப் பகுதியில் குளிக்க அனுமதி இல்லை என்றறிந்து பலர் ஏமாற்றத்துடன் திரும்பினர்.

இதனைச் சிரித்து மறந்துவிடலாகாது. ஒரு செய்தி எவ்வாறு பரவுகிறது, காட்டப்பட்டதற்கும் உள்ளதற்கும் இடையே எது மறைகிறது, அதனால் ஓர் ஊருக்கு விளையும் நன்மை தீமை யாவை என்று ஆராயும் கல்வித்துறை ஒன்று உண்டு. அதுவே தொடர்பியல். கைப்பேசியைக் கையாளக் குழந்தைக்கும் தெரியும்; அதன் வழியே செல்லும் சொல்லுக்குப் பொறுப்பேற்கக் கற்பிப்போர் மிகச் சிலரே.

“அதைப் படித்து என்ன வேலைக்குப் போவான்?” என்று பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. திரைப்படமும் தொலைக்காட்சியும் மட்டுமே அவர்கள் நினைவுக்கு வருகின்றன. அத்துறையைக் கற்றவர் பல்கலைக்கழகத்தில் அதனையே கற்பிக்கும் பணிக்கு உயரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அந்த வழி நீண்டது, ஆயினும் தெளிவானது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் காட்சித் தொடர்பியலிலோ இதழியலிலோ மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. பெரும்பாலான கல்லூரிகளில் எப்பாடப் பிரிவில் பயின்றவரும் இதில் சேரலாம். சென்னை லயோலாக் கல்லூரி இப்படிப்பைத் தொடங்கிய முன்னோடிகளுள் ஒன்று. அடுத்து ஈராண்டு முதுகலை. நம் பகுதியினருக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அண்மையில் உள்ளன. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றோர், பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘நெட்’ தேர்வு எழுதலாம். பட்டியல் இனத்தார், மாற்றுத் திறனாளிகள், வருமான வரம்புக்கு உட்பட்ட பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு 50 விழுக்காடு போதும். இத்தேர்வில் முன்னணியில் நிற்போருக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கிறது. 2023 சனவரி முதல் அத்தொகை முதல் ஈராண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய். வறிய குடும்பத்துப் பிள்ளையும் வீட்டுக்குச் சுமையாகாமல் முனைவர் பட்ட ஆய்வு செய்ய இது வழிவகுக்கிறது.

கற்றலும் கற்பித்தலும் ஒருவரிடத்தில் எவ்வாறு இணைகின்றன என்பதற்கு இயேசு சபைக் குரு காஸ்டன் ரோபெர்ஜ் அவர்களின் வாழ்வு நல்ல சான்று. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1935இல் பிறந்த அவர், 1961இல் இந்தியாவுக்குப் புறப்படும் வேளையில் நியூயார்க்கில் சத்யஜித் ரேயின் ‘அப்பு’ திரைப்படங்கள் மூன்றையும் கண்டார். அவை காட்டிய வங்காளக் கிராம மக்கள் அவர் உள்ளத்தில் குடிகொண்டனர். கல்கத்தாவுக்கு வந்த உடனே அவர் ரேயைத் தேடிச் செல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்தே சந்தித்தார். இடையில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைக்கலையை முறையாகப் பயின்றார். 1970இல் ‘சித்ரபாணி’ என்னும் ஊடகப் பயிற்சி நிலையத்தைக் கல்கத்தாவில் நிறுவினார். பின்னர் அந்நகரத் தூய சவேரியார் கல்லூரியில் கல்வி ஒளிபரப்புக்கான மையத்தையும் உருவாக்கினார். 2020இல் மறைந்த அவர், நூல்கள் எழுதி, பல தலைமுறை மாணவரை உருவாக்கினார். முதலில் கண்டார், பின்பு கற்றார், அதன் பின்னரே கற்பித்தார். இவ்வரிசையை நம் இளைஞர் மனத்திற் கொள்ளவேண்டும்.

இவ்வழியிலுள்ள இடர்களையும் கூறாதிருத்தல் முறையன்று. உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மானியக் குழு விதிப்படி 57,700 ரூபாய். எனினும் நிலையான பணியிடங்கள் குறைவு; தகுதி பெற்ற பின்னும் குறைந்த தொகுப்பூதியத்தில் ஆண்டுகள் பல கழிவதுண்டு. மேலும், மொழிப் பாடங்கள் தவிர்த்த ‘நெட்’ வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அமைகின்றன. தமிழ்வழியில் பயின்ற சிற்றூர்ப் பிள்ளைக்கு அறிவு குறைவன்று. ஆங்கில நூலை அஞ்சாமல் படிக்கும் பழக்கமே வேண்டும். முதுகலைக்குப் பின் அப்பழக்கத்தைத் தொடங்குவது காலம் கடந்த செயல். பள்ளியிறுதி ஆண்டுகளிலேயே நாள்தோறும் ஓர் ஆங்கில நாளேட்டின் ஒரு பக்கத்தையாவது படிக்கச் செய்தல் நன்று.

பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. மகனோ மகளோ இத்துறையை விரும்பினால் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே இசையவும் வேண்டாம். “நீ எதைச் சொல்ல விரும்புகிறாய்? அதற்காக எத்தனை ஆண்டு படிக்க அணியமாயிருக்கிறாய்?” என்று கேளுங்கள். புகழுக்காகச் செல்வோர்க்கு ஒரு கைப்பேசியே போதும், கல்லூரி தேவையில்லை. உண்மையை ஆராய்ந்து பிறர்க்குக் கற்பிக்க விழையும் பிள்ளைக்கோ, பட்டத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் குடும்பத்தின் பொறுமை தேவைப்படும். “இன்னும் வேலை கிடைக்கவில்லையா?” என்று உறவினர் கேட்கும் அந்நாள்களில் தந்தையும் தாயும் அப்பிள்ளையின் பக்கம் நிற்பார்களாயின், அதைவிடப் பெரிய உதவித்தொகையை எந்தக் குழுவும் வழங்கிவிட இயலாது.