குளியலறைக்குள் நெருப்பு வேண்டாம்

பெங்களூரில் குளிர் தொடங்கினால் ஒரே மாதிரிச் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை. கதவை உடைத்தால் மயங்கிக் கிடக்கிறார், கேஸ் கீசர் எரிந்துகொண்டிருக்கிறது. வீட்டார் "வழுக்கி விழுந்துட்டார்" என்கிறார்கள், மருத்துவமனையிலும் அதையே எழுதிக்கொள்கிறார்கள். உண்மைக் காரணம் தாளில் ஏறுவதில்லை.

விறகு எரித்து வெந்நீர் போட்ட பழைய வீடுகளில் புகைபோக்கி இருந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய 'அஸ்த்ரா' பிரிவு உருவாக்கிய விறகடுப்பும் புகைபோக்கியோடுதான் வந்தது. கேஸில் புகை கண்ணுக்குத் தெரியாததால் புகைபோக்கி தேவையில்லை என்று விட்டுவிட்டோம். காற்று போதாமல் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடைக் கக்குகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிலிண்டர் கசிந்தால் வரும் நாற்றம் எரியாத கேஸில் கலக்கும் மெர்காப்டனுடையது; அது வரவில்லை என்று தைரியமாக இருக்காதீர்கள். குளிருக்குப் படுக்கையறையில் கரித்தணல் வைப்பதும் இதே ஆபத்துதான்.

கீசரை யுடிலிட்டியிலோ திறந்த பால்கனியிலோ மாட்டுங்கள். வெந்நீர்க் குழாய் மட்டும் குளியலறைக்குள் வரட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பார்கள். மூடிய அறையில் அது வெளியேற வேண்டிய புகையையே உள்ளே இழுத்துவிடக்கூடும். ஒட்டி ஒட்டிக் கட்டிய நம் தெருக்களில் பல வென்டிலேட்டர்கள் பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் பார்க்கின்றன. வரைபடத்தில் ஜன்னலைக் கண்டு கையெழுத்திடும் அதிகாரிகள், கட்டிய பிறகு அது திறக்கிறதா என்று வந்து பார்த்தால் என்ன?

வாங்கும்போது ஐ.எஸ். 15558 தரக்குறியீட்டோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரையோடு உள்ள 'சி.எம்/எல்' எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் உரிமம் உண்மையா என்று தெரிந்துவிடும். பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாடகை வீட்டில் குளியலறைக்குள் கீசர் இருந்தால், மாற்றித் தரும்படி உரிமையாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதையும் ஒரு நிபந்தனையாகச் சேருங்கள்.

குளிக்கும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் உடனே வெளியே வாருங்கள். ஒருவர் விழுந்துவிட்டால் கதவு ஜன்னல்களைத் திறந்து, கீசரை அணைத்து, அவரைக் காற்றோட்டத்துக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் முதல் வார்த்தையாகக் கேஸ் கீசர் எரிந்ததைச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்த நஞ்சைப் பிரித்தறியாது. அளவு சரி என்றே காட்டும். இரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஆக்ஸிமீட்டரை நம்பாதீர்கள்.

உயிர் போய்விட்டால், துக்கத்திலும் ஒன்றைச் செய்தாக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194-ஆவது பிரிவின்படி காவல் நிலையத்தில் இயற்கைக்கு மாறான மரணம் என்று, அதாவது 'யு.டி.ஆர்.' ஆகப் பதியச் செய்யுங்கள். பிரேதப் பரிசோதனையில் இரத்த மாதிரி தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகிறதா என்று கேளுங்கள். கீசரைக் கழற்றாதீர்கள், பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். புகைப்படம் எடுத்து வையுங்கள். கருவியிலோ பொருத்தியதிலோ குறை என்றால், 2019 நுகர்வோர் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். அதற்கு 2 ஆண்டுதான் அவகாசம். முதலில் வழி கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். மாரடைப்பு என்று சான்றிதழ் வாங்கி, உடலை எரித்துவிட்டு வந்தால், எந்த ஆணையத்தாலும் உங்களுக்கு உதவ முடியாது.