குன்றை ஏறிப் பிடித்த பிறகு

மேசைப் போர் ஆடப் புதிதாக வருகிறவர்கள், குன்றின் உச்சியைத் தொட்டதும் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறார்கள். அவர்களை நான் கெரன் சண்டையை ஆடவைப்பேன்.

கெரன், எரித்திரியாவின் மலைநகரம். 1941 பிப்ரவரியில் சூடான் பக்கமிருந்து முன்னேறி வந்த 4-வது இந்திய டிவிஷன் அங்கே இத்தாலியப் படையிடம் முட்டி நின்றது. பின்னால் 5-வது டிவிஷனும் வந்து சேர்ந்தது. ஊருக்குள் போக டோங்கலாஸ் கணவாய் வழியாகத்தான் சாலை. இத்தாலியர்கள் பாறைகளை வெடிவைத்துச் சரித்து அதை அடைத்துவிட்டு, இருபுற மலைகளிலும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருபுறம் சாஞ்சில், பிரிக்ஸ் பீக் சிகரங்கள். மறுபுறம் டோலோகோரோடோக் கோட்டை.

என் மேசை ஆறடிக்கு நாலடி. தெர்மகோலை அடுக்கிச் சீவி, ஃபெவிகால் பூசி, ஆற்றுமணல் தூவினால் மலை தயார். முட்புதருக்குத் தேங்காய் நார். பொம்மை வீரர்கள் 28 மில்லிமீட்டர் உயரம். ஆட்டவிதி ‘போல்ட் ஆக்‌ஷன்’. காலாட்படைப் பிரிவு ஒரு சுற்றில் 6 அங்குலம் நகரும், ஓடினால் 12. கரடுமுரடான சரிவில் ஓட முடியாது. உச்சியில் இருக்கும் நடுத்தர இயந்திரத் துப்பாக்கியோ 36 அங்குலம் எட்டும். அதன் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு சுற்றாக ஏறியாக வேண்டும்.

இதில் ஆளை முடக்குவது சாவைவிட ‘பின்’தான். எதிரி சுட்டது பட்டாலே, யாரும் சாகாவிட்டாலும், பிரிவின் அருகில் ஒரு பின் வில்லையை வைக்க வேண்டும். வழக்கமான வீரர்களின் மன உறுதி 9; ஒவ்வொரு பின்னுக்கும் அதில் ஒன்று குறையும். பின் விழுந்த பிரிவு அசைய வேண்டுமானால், இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டக்கூடாது. நாலு பின் ஏறிவிட்டால் ஐந்துக்குள் விழ வேண்டும். அதற்கு 36-ல் 10 வாய்ப்புதான். முழுசாக இருக்கும் பிரிவுகூட பாறைக்குப் பின்னால் படுத்தே கிடக்கும். அதிகாரி பக்கத்தில் இருந்தால் மட்டும் எண் கொஞ்சம் கூடும்.

அந்த ‘கொஞ்சம்’ என்பதற்குக் கெரனில் ஒரு பெயர் உண்டு: சுபேதார் ரிச்பால் ராம், ராஜபுதானா ரைஃபிள்ஸ். பிப்ரவரி 7 இரவு கம்பெனித் தலைவர் காயப்பட்டு விழுந்ததும் பொறுப்பேற்று, மிஞ்சியவர்களோடு துப்பாக்கிக் கத்தி பாய்ச்சி முகட்டைப் பிடித்தார். ஆறு எதிர்த்தாக்குதல்களைத் தடுத்தார். தோட்டா தீர்ந்த பிறகே மிச்சம் இருந்தவர்களை மீட்டுக்கொண்டு இறங்கினார். ஐந்து நாள் கழித்து மறுபடி ஏறியபோது பாதம் சிதறி, அங்கேயே உயிர்விட்டார். விக்டோரியா கிராஸ் அவர் மறைவுக்குப் பிறகு வந்தது.

எங்கள் வீட்டில் இத்தாலியத் தரப்பை ஆடுகிறவள் என் தம்பி மகள். என் ஆட்கள் உச்சியில் கால் வைத்ததும் அவள் கேட்டாள்: “மேல வந்துட்டீங்க பெரியப்பா, சரி. தண்ணி எங்க?”

சரியான கேள்வி. ஏறி வந்தவர்கள் கொஞ்சம் பேர், பாதி தோட்டா செலவாகியிருக்கும், குழி தோண்டவும் முடியாத பாறை. எதிரி பின்சரிவில் நம் கண்ணில் படாமல் திரண்டு நிற்பான்; கையெறி குண்டுகள் பறந்து வரும். பிரிக்ஸ் பீக்கை அந்த பிப்ரவரியில் இந்திய வீரர்கள் இரண்டு முறை பிடித்தார்கள். இரண்டு முறையும் இழந்தார்கள். தண்ணீர், உணவு, குண்டு எல்லாவற்றையும் பெரும்பாலும் மனிதர்கள்தான் முதுகில் சுமந்து ஏற்றினார்கள். அதற்கென ஒவ்வொரு பட்டாலியனும் தன் ஆட்களில் ஒரு பகுதியைச் சண்டையிலிருந்து விலக்க வேண்டியிருந்தது. ஆகவே நான் ஒரு விதி சேர்த்திருக்கிறேன்: தாக்குகிறவர் ஒரு பிரிவைச் சுமைக்கு ஒதுக்க வேண்டும். அது மேலே வந்து சேராதவரை உச்சியில் இருப்பவர்களுக்கு ஒரு பின் நீங்கவே நீங்காது.

பலர் உயரமான சிகரத்திலேயே கண்ணை வைத்துத் தோற்கிறார்கள். கெரனில் சாஞ்சிலை யாரும் தாக்கிப் பிடிக்கவில்லை. மார்ச் 16 அதிகாலையில் அதைவிடத் தாழ்வான டோலோகோரோடோக் கோட்டை விழுந்தது. அதை மீட்க இத்தாலியர்கள் திரும்பத் திரும்பத் தாக்கியும் முடியவில்லை. அங்கிருந்து கணவாய்ச் சாலை தெரிந்தது. சரிந்த பாறைகளை எவ்வளவு நேரத்தில் அகற்றலாம் என்று பொறியியல் படையினரால் கணக்கிட முடிந்தது. மார்ச் 25-ல் கணவாயின் இருபுறமும் தாக்கி இடம் பிடித்து, அடைப்பை அகற்றினார்கள். 27-ல் படை கெரனுக்குள் நுழைந்தது.

அதனால் என் மேசையில் வெற்றிப் புள்ளியை எந்த உச்சியிலும் வைப்பதில்லை. கீழே கணவாயில், கூழாங்கல் குவித்து அடைத்த அந்த நாலு அங்குலச் சாலையில் வைக்கிறேன். கல்லை எடுக்கும் பிரிவுக்கு மூன்று சுற்று பின் விழாமல் இருக்க வேண்டும். அதற்கு எந்தக் குன்று தேவை என்பதை ஆடுகிறவரே முடிவு செய்துகொள்ளட்டும்.