கப்பலேறும் ஒயின் பாட்டிலும் தக்கைக் கட்டணமும்

ஃப்ளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்தில் ஒரு சொகுசுக் கப்பலில் ஏறுவதற்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வயதான அமெரிக்கத் தம்பதி. அவர்கள் பை எக்ஸ்ரே பெட்டிக்குள் போய் வந்ததும் பாதுகாப்பு ஊழியர் ஓரமாக வரச் சொன்னார். உள்ளே ஒரு பெரிய ஒயின் பாட்டில், ஒன்றரை லிட்டர். அவர்களுடைய 40வது திருமண நாள் அந்த வாரம்தானாம். அதற்காகவே பல வருடமாக எடுத்து வைத்திருந்த பாட்டில்.

“ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டு வரலாம் என்றுதானே விதி? நாங்கள் இரண்டு பேர், ஒரே பாட்டில்தான் வைத்திருக்கிறோம்” என்றார் பெரியவர். கணக்கு சரிதான். ஆனால் விதியில் இருப்பது “ஆளுக்கு 750 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்று”. இரண்டு 750 என்றால் சரி, ஒரு 1500 என்றால் கிடையாது. வெளியே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இங்கேயே விட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். காரில் இறக்கிவிட்டுப் போன மகளைத் திரும்ப வரச் சொல்லி அந்த அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் எங்கள் வரிசை நகர்ந்துவிட்டது.

மூளையில் ஒரு பக் ரிப்போர்ட் ஓப்பன் ஆகிவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஏன் 750? ஏன் ஒயின் மட்டும்? எதற்காகக் கட்டணம்? ஊருக்கு வந்ததும் கப்பல் நிறுவனங்களின் விதிகளை வரிசையாக உட்கார்ந்து படித்தேன்.

முதலில் விதிகள்

ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி. கார்னிவல், ராயல் கரீபியன் இரண்டிலும் குடிக்கும் வயது வந்தவர் ஆளுக்கு 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் ஒன்று, கப்பலேறும் நாளில் மட்டும். டிஸ்னி கொஞ்சம் தாராளம். ஆளுக்கு இரண்டு ஒயின் பாட்டில் அல்லது ஆறு பியர், அதுவும் வழியில் இறங்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும் புதிதாக வாங்கி வரலாம். நார்வீஜியனில் எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை, ஆனால் ஏறும்போதே 750 மில்லிக்கு 15 டாலரும் ஒன்றரை லிட்டருக்கு 30 டாலரும் வாங்கிவிடுவார்கள். எம்எஸ்சி எதையும் அனுமதிப்பதில்லை. வைக்கிங் இதற்கு நேர் எதிர், கொண்டு வந்து குடியுங்கள், கட்டணமே வேண்டாம் என்கிறது.

இவையெல்லாம் நான் படித்தபோது இருந்த விதிகள். அடிக்கடி மாறும். டிக்கெட் எடுத்த பிறகு ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்க.

தக்கையைத் திறக்க 15 டாலரா?

வெளியிலிருந்து கொண்டு வந்த பாட்டிலை உணவகத்தில் திறந்து ஊற்றிக் கொடுப்பதற்கு வாங்கும் பணத்துக்கு ‘கார்க்கேஜ்’ என்று பெயர். கார்க் என்றால் தக்கை, ஆகவே தக்கைக் கட்டணம். கண்ணாடிக் கோப்பை, ஐஸ் வாளி, பரிமாறுபவரின் உழைப்பு எல்லாம் இதில் உண்டுதான். ஆனால் உண்மையான காரணம், அந்த மேஜையில் விற்றிருக்க வேண்டிய பாட்டில் விற்காமல் போனதுக்கான ஈடு. கார்னிவலில் உங்கள் அறைக்குள்ளேயே குடித்தால் கட்டணம் இல்லை, சாப்பாட்டுக் கூடத்துக்கு எடுத்துப் போனால்தான் 15 டாலர்.

கப்பல்காரர்களுக்கு இது சில்லறை விஷயம் இல்லை. கார்னிவல் குழுமத்தின் 2023 ஆண்டறிக்கையில் மொத்த வருமானம் சுமார் 2160 கோடி டாலர். அதில் டிக்கெட் அல்லாத வருமானம், அதாவது கப்பலில் விற்பது முதலான வகைகளில் வந்தது, சுமார் 750 கோடி. மூன்றில் ஒரு பங்குக்கு மேல்! டிக்கெட் விலையைக் குறைத்து ஆளை உள்ளே இழுப்பது, உள்ளே வந்தவர்களிடம் பார், சூதாட்டக் கூடம், சுற்றுலா என்று சம்பாதிப்பது. பிரிண்டரை மலிவாக விற்று மையில் காசு பார்க்கிற அதே கதைதான்.

ஒயினுக்குச் சலுகை, விஸ்கிக்கு ஏன் இல்லை?

கணக்கு போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். 750 மில்லி ஒயின் என்றால் 150 மில்லி வீதம் 5 கோப்பை. அதே அளவு விஸ்கி என்றால் அமெரிக்க அளவான 44 மில்லி வீதம் சுமார் 17 பெக். ஒரு ஒயின் பாட்டிலை உள்ளே விட்டால் பாருக்கு 5 கோப்பை நஷ்டம், விஸ்கி என்றால் 17. பாதுகாப்பும் இருக்கிறது. 13 சதவீத ஒயினில் சுத்த ஆல்கஹால் 100 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. 40 சதவீத விஸ்கியில் 300 மில்லி. நடுக்கடலில் ஒருவர் அறைக்குள் எவ்வளவு குடிக்கிறார் என்று பார்மேனுக்குத் தெரியாது.

‘சீல் உடைக்காத பாட்டில்’ என்று வலியுறுத்துவதும் இதனால்தான். ஒயின் பாட்டிலில் வோட்காவை ஊற்றி மூடிக் கொண்டு வரும் ஆட்கள் உண்டு. ஷாம்பு பாட்டில் வடிவத்திலேயே குடுவைகள் விற்கிறார்கள்னா பாருங்க.

எப்போது லாபம்?

உணவக ஒயின் கடை விலையைப் போல இரண்டு மூன்று மடங்கு இருப்பது வழக்கம். மூன்று மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். மேலே 18 சதவீத சேவைக் கட்டணம். கடையில் 12 டாலர் ஒயின் கப்பலில் 36, சேவைக் கட்டணத்தோடு 42.48. நீங்கள் கொண்டு போய் 15 டாலர் கட்டினால் 27. மிச்சம் 15 டாலர் சொச்சம். 30 டாலர் ஒயின் என்றால் கப்பலில் 106.20, உங்களுடையது 45. மிச்சம் 61 டாலர்! 6 டாலர் ஒயினில் இரண்டும் ஏறக்குறைய சமம்.

காரணம் எளிது. கப்பலின் விலை பெருக்கல், தக்கைக் கட்டணம் வெறும் கூட்டல். அதனால் மலிவு ஒயினைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், நல்ல ஒயினைக் கொண்டு போங்கள். குடிபானப் பேக்கேஜ் வாங்கியிருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. காசை ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. துறைமுகத்துக்கு விமானத்தில் போகிறவர்கள் பாட்டிலைக் கைப்பையில் வைக்க முடியாது, 100 மில்லி விதி தடுக்கும். ஆகவே செக்-இன் பெட்டியில். கப்பலிலோ இது தலைகீழ். பாட்டில் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சுமை பெட்டியில் இருந்தால் எடுத்து வைத்துவிடுவார்கள். விமானம் இறங்கியதும் இடம் மாற்ற மறக்காதீங்க.

அந்தத் தம்பதிக்கு வருவோம். நார்வீஜியனில் போயிருந்தால் அதே பாட்டிலுக்கு 30 டாலர் கட்டிவிட்டு நிம்மதியாக ஏறியிருக்கலாம். வைக்கிங்கில் அதுவும் வேண்டாம். அவர்கள் தவறு செய்யவில்லை. “ஆளுக்கு ஒரு பாட்டில்” என்பதைப் படித்தார்கள், பக்கத்தில் இருந்த எண்ணைப் படிக்கவில்லை, அவ்வளவுதான். அலகைக் கவனிக்காமல் நானும் எத்தனை கோடில் இதே தவறைச் செய்திருக்கிறேன்!

இரண்டாம் நாள் இரவு அவர்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தேன். மகள் வந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு போனாளாம். மேஜையில் கப்பலின் ஒயின் இரண்டு கோப்பை இருந்தது. “அது வீட்டில் பத்திரமாக இருக்கிறது, 41வதுக்கு ஆச்சு” என்று அந்த அம்மா சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.