மண்ணுக்குள் ஓர் எண்ணெய்த் தொட்டி!
வீடு வாங்குவோரை அமெரிக்காவில் கலங்க வைக்கும் பழைய இரும்பு

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் குளிர் மிகக் கடுமை. வீட்டைச் சூடாக்காமல் அங்கே வாழ முடியாது.

முன்பு நிலக்கரியை எரித்தார்கள். பிறகு எண்ணெய் வந்தது. 1945-ல் உலகப்போர் முடிந்தபின் கட்டிய வீடுகள் பலவற்றில் எண்ணெய் அடுப்பு வைத்தார்கள். எண்ணெய்க்காக இரும்புத் தொட்டியைத் தோட்டத்தில் புதைத்தார்கள். 550 காலன் தொட்டி சாதாரணம். அதாவது, 2 ஆயிரம் லிட்டருக்கு மேல்!

பிறகு எரிவாயுக் குழாய் வந்தது. பலர் அதற்கு மாறினார்கள். தொட்டியை மறந்தார்கள்.

துரு செய்யும் வேலை

ஈர மண்ணில் கிடக்கும் இரும்பு என்ன ஆகும்? துருப்பிடிக்கும். சிறு ஓட்டை விழும். எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசியும். மண் கெடும். கிணற்று நீரும் கெடலாம். வெளியே ஒன்றும் தெரியாது.

தொட்டியை எடுக்கச் சில ஆயிரம் டாலர் போதும். மண் கெட்டிருந்தால் செலவு பல மடங்கு ஏறிவிடும். வீட்டு இன்ஷூரன்சில் பெரும்பாலும் இது சேராது. வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும்.

அதனால், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் வீடு வாங்குவோர், உலோகம் காட்டும் கருவியால் தோட்டத்தைச் சோதிக்கிறார்கள். அங்கே வீடு வாங்கும் தமிழர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

காண்டிராக்டரிடம் கேட்க வேண்டியவை

மூன்று பேரிடமாவது விலை கேட்க வேண்டும். விலை குறைவு என்பதற்காக மட்டும் வேலையைக் கொடுத்துவிடக் கூடாது.

அரசாங்கச் சான்று உண்டா? இன்ஷூரன்ஸ் உண்டா? ஊராட்சியின் அனுமதியை யார் வாங்குவது? இவற்றைக் கேட்க வேண்டும்.

முக்கியமான கேள்வி இது: ஓட்டை இருந்தால் மேற்கொண்டு எவ்வளவு பணம்? இதை முன்பே எழுதி வாங்க வேண்டும். ஏனென்றால், "எண்ணெய் கசிந்திருக்கிறது" என்று சொல்பவரும் அவரே. மண்ணைத் தோண்டிப் பணம் வாங்குபவரும் அவரே! ஆகவே, மண்ணைத் தனிப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வேலை நடக்கும் விதம்

தோண்டுமுன் 811 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்ய வேண்டும். வாயுக் குழாயும் மின்சாரக் கம்பியும் போகும் இடத்தில் அடையாளம் போட்டுத் தருவார்கள்.

பிறகு மிச்ச எண்ணெயைப் பம்பு வைத்து எடுப்பார்கள். தொட்டியை வெட்டி, அடியில் தங்கிய கசடை வழிப்பார்கள். உள்ளே இருக்கும் ஆவி ஆபத்தானது. பழகாதவர்கள் கிட்டப் போகக் கூடாது.

தொட்டியை இயந்திரத்தால் தூக்கியதும் ஓட்டை உண்டா என்று பார்ப்பார்கள். குழியின் மண்ணையும் சோதிப்பார்கள். அதிகாரி பார்த்துச் சம்மதித்த பிறகே குழியை மூட வேண்டும்.

குழாயை மறக்காதீர்!

சில வீடுகளில் தொட்டி நிலவறையில் இருக்கும். எண்ணெய் ஊற்றும் குழாயின் வாய் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டியை எடுத்துவிட்டுக் குழாயை அப்படியே விட்டால் என்ன ஆகும்?

வீடு மாறி வந்த எண்ணெய் லாரிக்காரர், அந்தக் குழாயில் எண்ணெயை ஊற்றிவிடுவார். நிலவறை முழுதும் எண்ணெய்! இப்படி நடந்தது உண்டு. ஆகவே, தொட்டியோடு குழாயையும் எடுக்கச் சொல்ல வேண்டும்.

அனுமதிச் சீட்டு, மண் சோதனை முடிவு, ரசீது ஆகியவற்றைப் பத்திரமாக வைக்க வேண்டும். வீட்டை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.