முனை முதல் முனை வரை: ஒரு சொற்றொடரும் அதன் பொருளெல்லையும்

ஒன்று நாடெங்கும் உளது எனக் கூறுதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் தொடர்களுள் ‘டான் முதல் பெயெர்செபா வரை’ என்பது விவிலிய வழிவந்தது. பண்டைய இஸ்ரவேலரின் நாட்டில் டான் வட எல்லையாகவும் பெயெர்செபா தென் எல்லையாகவும் கருதப்பட்டன. நியாயாதிபதிகள், சாமுவேல் ஆகிய நூல்களில் இத்தொடர் மக்கள் அனைவரையும் சுட்டுகின்றது. ஆங்கில விவிலியத்தின் வாயிலாக அது பொதுவழக்காயிற்று. பிரித்தானியாவைக் குறிக்க ‘லாண்ட்ஸ் எண்ட் முதல் ஜோன் ஓ குரோட்ஸ் வரை’ என்பர். பின்னையது பிரித்தானியப் பெருநிலத்தின் உண்மையான வடமுனையன்று. டன்னெட் முனையே அது. எனவே இத்தகைய தொடர்கள் அளவைக் கூற்றுக்கள் அல்ல என்பது தெளிவு.

இரு முனைகளைக் கூறி இடைப்பட்ட முழுமையை உணர்த்தும் இம்முறை தமிழுக்கும் புதிதன்று. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தையும் குமரியையும் சுட்டியே தமிழ் வழங்கும் நிலத்தை வரையறுக்கின்றது. இலங்கையிலும் ‘பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை’ என்கின்றோம்.

இங்கு கூறப்படுவன முனைகளே, இடைப்பகுதி ஊகிக்கப்படுவது. பேச்சுவழக்கில் இதனால் இடரில்லை. சமூக ஆய்விலோ அவ்வூகம் நிறுவப்படல் வேண்டும். 1931 ஆம் ஆண்டு இலங்கை முழுவதற்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது என எழுதுவது வழக்கம். ஆயின், டொனமூர் அரசியலமைப்பின் கீழ் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் வாக்காளராவதற்கு நிரந்தர வதிவு முதலிய தகைமைகளை நிறுவவேண்டியிருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1949 ஆம் ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டம் அவர்தம் வாக்குரிமையையும் பறித்தது. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று. பதுளையும் நுவரெலியாவும் இரு முனைகளுக்கும் இடையிலேயே இருந்தன; அங்கு வாழ்ந்த தொழிலாளரோ ‘முழுவதும்’ என்ற சொல்லுக்குள் அடங்கவில்லை.

1945 ஆம் ஆண்டின் இலவசக் கல்வியும் இத்தகையதே. நாடளாவியது எனப் போற்றப்படும் அத்திட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும் தோட்டப் பாடசாலைகள் பல்லாண்டுகள் தோட்ட நிருவாகங்களின் பொறுப்பிலேயே இருந்தன.

ஆகவே, இத்தொடர்களை விலக்குதல் தேவையன்று. அவற்றை ஆளும் ஆய்வாளர் இரண்டு வினாக்களுக்கு விடை கூறுதல் வேண்டும்: கூற்று நிலப்பரப்பைப் பற்றியதா, மக்களைப் பற்றியதா? மக்களைப் பற்றியதாயின், இடையில் வாழ்வோருள் எவர் கணக்கிடப்பட்டனர், எவர் விடுபட்டனர்?