வெளிச்சுவரின் வெப்பக் காப்புப் போர்வை

வளைகுடா நகரங்களில் அண்மைக் காலத்தில் எழுந்த வில்லாக்கள், அடுக்குமாடிக் கட்டடங்கள் சிலவற்றின் வெளிச்சுவரை விரல் மடக்கித் தட்டினால் கல்லின் ஓசை எழுவதில்லை. அட்டைப் பெட்டியைத் தட்டியது போன்ற மந்தமான ஒலியே வருகிறது. அதைக் கேட்டு, சுவர் வலுவின்றிக் கட்டப்பட்டுள்ளதோ என அஞ்சுவோர் உண்டு. அச்சத்திற்கு இடமில்லை. சிமெண்டுக் கட்டைச் சுவர் உள்ளே உறுதியாகவே நிற்கிறது; ஓசையை மாற்றுவது அதன்மீது பதிக்கப்பட்ட வெப்பக் காப்புப் போர்வை.

இம்முறையில், சுவரின் வெளிமுகத்தில் முதலில் பசை கொண்டும் பிளாஸ்டிக் ஆணிகள் கொண்டும் காப்புப் பலகைகள் பொருத்தப்படுகின்றன. பெரும்பாலும் அவை தெர்மோகோல் வகையைச் சேர்ந்தவை. தீக்காப்பு மிகுதியாக வேண்டிய இடங்களில் ராக்வூல் எனப்படும் பாறைக் கம்பளி பயன்படுகிறது. பலகையின் மேல் சில மில்லிமீட்டர் கனத்தில் அடிப்பூச்சு இடப்பட்டு, அது காயுமுன் கண்ணாடி இழையாலான வலை அதற்குள் அழுத்தப்படுகிறது. இறுதியாக, நிறமும் மணற்பரப்பின் தோற்றமும் தரும் மேற்பூச்சு. தெருவிலிருந்து காண்பவருக்கு இந்தக் கடைசிப் படலம் மட்டுமே தெரியும். ஆயினும் வெயிலைத் தடுப்பது பலகை. விரிசலைத் தடுப்பது வலை. நீரைத் தடுப்பது பூச்சு. ஒன்று பழுதுபட்டால் மற்றவையும் நாளடைவில் கெடும்.

ஐந்து சென்டிமீட்டர் தெர்மோகோல் தடுக்கும் வெப்பத்தைச் செறிவான கான்கிரீட்டால் தடுக்க ஏறத்தாழ இரண்டு மீட்டர் கனமுள்ள சுவர் வேண்டும். கோடையில் குளிரூட்டிகளே மின்சாரத்தின் பெரும்பகுதியை உண்ணும் இந்நிலத்தில் அரசுகள் இதைப் புறக்கணிக்க இயலவில்லை. குவைத்தின் மின்சார, நீர் அமைச்சகம் 1983-ஆம் ஆண்டிலேயே கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்பு விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. துபாயில் 2014 முதல் எல்லாப் புதிய கட்டடங்களுக்கும் விரிவாக்கப்பட்ட பசுமைக் கட்டட விதிகள், ஒரு சதுர மீட்டர் வெளிச்சுவரின் வழியே ஒவ்வொரு பாகை வெப்ப வேறுபாட்டிற்கும் 0.57 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கலாகாது என வரையறுத்தன. காப்பில்லாத சாதாரணக் கட்டைச் சுவரின் வழியே இதைப்போல் மூன்று, நான்கு மடங்கு வெப்பம் உள்ளே வரும். அவ்வேறுபாட்டை மாதந்தோறும் மின்கட்டணத்தில் செலுத்துபவர் குடியிருப்பவரே.

வெயிலைச் சுவரால் தடுக்கும் எண்ணம் இங்குப் புதிதன்று. துபாயின் அல் ஃபாஹிதி பகுதியில் இன்றும் காணக்கூடிய பழைய வீடுகள், நுண்துளைகள் நிறைந்த பவளக் கல்லால் கனத்த சுவர்களோடு கட்டப்பட்டவை. புதிய போர்வையோ வேறு நிலத்தில் பிறந்தது. 1950களில் ஜெர்மனியில் குளிரைத் தடுக்க உருவாகி, 1969-இல் அமெரிக்காவை அடைந்தது. இந்தப் பிறப்பிடம் நினைவில் நிற்க வேண்டிய செய்தி. குளிர்நாட்டில் ஈரம் வீட்டின் உள்ளிருந்து வெளியே செல்ல முயல்கிறது. வளைகுடாவின் கோடையிலோ வெளிக்காற்று வெப்பமும் ஈரமும் மிகுந்தது, உள்ளறை குளிர்ந்தது. எனவே ஈரம் வெளியிலிருந்து உள்ளே வர முயல்கிறது. போர்வையில் இடைவெளி இருப்பின், அவ்வழியே புகும் ஈரக்காற்று குளிர்ந்த சுவரைத் தொட்டவுடன் நீராக மாறும். குளிர்நீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பது போன்றதே இது.

வெளிச்சுவரை ஒட்டிவைத்த அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை படர்வதற்கு இது ஒரு காரணம். வெளிச்சுவரின் உட்புறத்தில் பிளாஸ்டிக் தன்மையுள்ள சுவர்த்தாள் ஒட்டினால், உள்ளே வந்த ஈரம் உலர வழியின்றித் தாளுக்குப் பின்னால் தங்கிவிடும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஊருக்குச் செல்லும் குடும்பங்கள் குளிரூட்டியை முற்றிலும் நிறுத்திவிட்டுச் செல்வதும் பூஞ்சையை வளர்க்கிறது. மிதமான வெப்பநிலையில் அதை இயங்க விடுவதால் ஆகும் செலவு, திரும்பி வந்து சுவரையும் துணிகளையும் சீர்செய்யும் செலவிலும் பெரும்பாலும் குறைவே.

மழைநீரும் இவ்வாறே பரப்பின் வழியாகப் புகுவது அரிது. விளிம்புகளின் வழியாகவே புகும். 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள வில்மிங்டன் நகரில், இம்முறையில் போர்த்தப்பட்ட பல வீடுகளின் மரச்சட்டங்கள் உள்ளுக்குள் உளுத்திருந்தது கண்டறியப்பட்டது. சாளர ஓரங்களிலும் கூரை சேரும் இடங்களிலும் புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கியிருந்தது. வளைகுடாக் கட்டடங்களில் மரச்சட்டம் இல்லாமையால் அத்தகைய அழிவு நேராது. எனினும் பலகை பெயரும், பூச்சு உப்பும், கம்பி துருவேறும். மழை அரிதான நாடு என்ற எண்ணத்தை 2024 ஏப்ரல் 16 மாற்றியது. அல் ஐன் வட்டாரத்தின் ஃகத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்திற்குள் 254.8 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 1949-இல் பதிவுகள் தொடங்கிய பின் ஐக்கிய அரபு அமீரகம் கண்ட மிகப் பெரிய மழை அது. சாளரத்தைச் சுற்றியுள்ள சிலிக்கான் காய்ந்து வெடித்திருப்பதைப் பலர் அன்றுதான் அறிந்தனர்.

நீர் சுவரைக் கெடுக்கும்; தீயோ உயிருக்கே இறுதியாகும். இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். வளைகுடாவில் பெரிதும் பேசப்பட்ட உயரக் கட்டடத் தீவிபத்துகளில் எரிந்து பரவியது பூச்சுப் போர்வை அன்று. கிளாடிங் எனப்படும் அலுமினியத் தகட்டு உறை. இரு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே பாலித்தீன் நிரப்பிய பலகைகள் அவை. துபாயின் டார்ச் கோபுரம் 2015 பிப்ரவரியிலும் மீண்டும் 2017 ஆகஸ்டிலும் எரிந்தது. 2015 டிசம்பர் 31 இரவு அட்ரஸ் டவுன்டவுன் விடுதியில் மூண்ட தீ, விளக்கு ஒன்றின் மின்கசிவில் தொடங்கியது. 2012 நவம்பரில் எரிந்த தம்வீல் கோபுரத்தில், அணைக்காமல் வீசிய சிகரெட் துண்டே காரணமாகக் கூறப்பட்டது. லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று 72 உயிர்கள் பறிபோயின. அங்கு அலுமினிய உறையோடு அதன் பின்னிருந்த காப்புப் பலகையும் எரிந்தது.

தெர்மோகோல் போர்வைக்கும் இச்செய்திகள் பொருந்தும். அப்பொருள் நூறு பாகையை அடுத்தே இளகத் தொடங்கும். தீப்பற்றினால் உருகி, எரிந்தவாறே சொட்டும். பூச்சு சிதையாமல் இருக்கும் வரை சுடர் அதை எளிதில் எட்டாது. மாடிகளுக்கு இடையே பாறைக் கம்பளிப் பட்டைகள் வைத்திருந்தால் தீ மேலேறுவது தடைப்படும். அமீரகத்தின் தீ, உயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பின் 2018 பதிப்பு இதனாலேயே ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே மட்டுமன்றி, முழுச் சுவர் அமைப்பையும் எரித்துச் சோதிக்கக் கோருகிறது.

சோதனையில் தேறிய சுவரையும் ஒரு துளை பலவீனப்படுத்தும். டிஷ் ஆன்டெனா, வெயில் மறைப்பு, துணி உலர்த்தும் கம்பி ஆகியவற்றிற்காக வாடகைக்கு இருப்போர் தாமே துளையிடுவது இங்கு வழக்கமாகிவிட்டது. அத்துளை வலையை அறுத்து, பலகையை வெளிக்காட்டி, நீருக்கும் தீக்கும் ஒருசேர வழி திறக்கிறது. சிமெண்டால் அதை அடைப்பதும் தீர்வாகாது. பொருந்தாத பூச்சு சில மாதங்களில் பிளந்து விடும். பொருத்த வேண்டியது எதுவாயினும் கட்டட நிர்வாகத்தின் எழுத்து வழி அனுமதியுடன், இவ்வேலை அறிந்தவரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும். விரிசலோ உப்பலோ கண்டால் படம் எடுத்து, நாத்தூரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், நிர்வாகத்திற்கு எழுத்தில் அனுப்புதல் நலம். பலகை எவ்வகையினது என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது; அதை நிர்வாகத்திடமே கேட்டறிய வேண்டும்.

பால்கனியில் கரி அடுப்பு மூட்டுவதும், சுவரோரம் பழைய அட்டைப் பெட்டிகளை அடுக்குவதும், சிகரெட் துண்டைக் கீழே வீசுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. வெளிச்சுவரில் தீயோ புகையோ தென்பட்டால் அது சிறிதாயிற்றே என்று காத்திராமல், மின்தூக்கியைத் தவிர்த்துப் படிவழியே இறங்கி, அமீரகத்தில் 997 என்னும் எண்ணில் குடிமைப் பாதுகாப்புத் துறையை அழைத்தல் வேண்டும்.