மணி அடித்த பிறகு தொடங்கும் பாடசாலை

பிலிமத்தலாவைச் சந்தியில் பிற்பகலில் நின்று பார்த்தால் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் இரண்டு கூட்டமாகத் தெரிவார்கள். ஒரு கூட்டம் உள்ளூர்ப் பாடசாலையில் ஒன்றரைக்கு மணி அடித்ததும் வெளியே வந்து, வீட்டுக்கோ டியூஷனுக்கோ போவது. மற்றக் கூட்டம் விடியற்காலையில் கண்டிக்கு பஸ் ஏறிப் போய்ப் படிப்பது. அவர்களில் பலர் வந்து இறங்க நான்கு, ஐந்து மணி ஆகும். கண்டி நகரம் இங்கிருந்து பத்துப் பதினொரு கிலோமீற்றர்தான். ஆனாலும் கொழும்பு வீதி நெரிசலில் அந்தத் தூரம் பிள்ளையின் நாளில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது.

இவ்வளவு பாடுபட்டு ஏன் அனுப்ப வேண்டும்? பெற்றோர் பெரும்பாலும் சொல்லும் பதில் இதுதான்: "படிப்பு இங்கேயும் நல்லம்தான். ஆனால் அங்கே பாண்ட் இருக்கு, சாரணர் இருக்கு, கிரிக்கெட் இருக்கு. பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கும்." அந்த 'எல்லாம்' என்ன, அது எப்படி நடக்கிறது, உள்ளூர் அரசாங்கப் பாடசாலையில் அதை எப்படிப் பெறலாம் என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

முதலில் பெயர். நம் தாத்தா, பாட்டி காலத்தில் 'புறக்கிருத்தியம்' என்றார்கள். பாடத்துக்குப் புறத்தே உள்ள வேலை, நேரம் இருந்தால் செய்வது என்ற பொருள் அதில் இருந்தது. இன்று கல்வித் திணைக்களம் 'இணைப்பாடவிதானச் செயற்பாடுகள்' என்கிறது. பாடத்தோடு இணையாகப் போவது. பெயர் மாறிவிட்டது, வீட்டில் எண்ணம் இன்னும் மாறவில்லை. தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது பயிற்சிதான்.

இதற்குள் அடங்குபவை பல: இல்ல விளையாட்டுப் போட்டி, கரப்பந்தாட்டம், வலைப்பந்தாட்டம், சாரணியம், மாணவர் படையணி, சென் ஜோன் முதலுதவி, பாண்ட் வாத்தியம், நடனம், நாடகம், தமிழ் மொழித் தினப் போட்டி, ஆங்கில தினப் போட்டி, மாணவர் பாராளுமன்றம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாசிரியர் இருக்க வேண்டும். பொறுப்பாசிரியர் யார் என்பதில்தான் முக்கால்வாசி விடயம் தங்கியிருக்கிறது. ஒரு கரப்பந்தாட்ட ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனதும் அந்த விளையாட்டே பாடசாலையை விட்டுப் போய்விடுவதைப் பல ஊர்களில் பார்க்கலாம்.

போட்டிகள் ஏணிபோல அமைந்தவை. தமிழ் மொழித் தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாடசாலையில் முதலிடம் பெற்ற பிள்ளை கோட்ட மட்டத்துக்கும், அங்கே வென்றால் வலயத்துக்கும், பிறகு மாகாணத்துக்கும், கடைசியில் அகில இலங்கைப் போட்டிக்கும் போகும். பேச்சு, பாவோதல், கட்டுரை, கவிதை, விவாதம், வில்லுப்பாட்டு என்று எத்தனையோ பிரிவுகள். சிறிய பாடசாலைகளுக்கு இந்தப் போட்டி பெரிய வரப்பிரசாதம் என்பேன். இதற்கு மைதானம் வேண்டாம், விலை உயர்ந்த உபகரணம் வேண்டாம். பாவோதலுக்கு ஒரு பிள்ளையும், அதன் உச்சரிப்பைப் பொறுமையாகத் திருத்த ஓர் ஆசிரியரும் போதும்.

மைதானம் வேறு கதை. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய நிலத்தில் 400 மீற்றர் ஓடுபாதை அமைவது அரிது. எனவே முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும்போது 200 மீற்றர் பாதைதான் கீறுகிறார்கள். முதல் நாள் பின்னேரம் ஆசிரியர் ஒவ்வொரு வளைவின் மையத்திலும் ஒரு கட்டையை அறைந்து கயிறு கட்டிப் பிடிக்க, பெரிய வகுப்பு மாணவர்கள் கயிற்றின் மறுமுனையோடு வளைவைச் சுற்றி வருவார்கள். பின்னாலேயே ஒருவர் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டு வருவார். அடுத்து வருவது எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி: வெளிச் சுவட்டில் ஓடுபவரை ஏன் முன்னால் நிறுத்துகிறார்கள்? சுவட்டின் அகலம் 1.22 மீற்றர். ஒரு சுவடு வெளியே தள்ளி ஒரு முழுச் சுற்று ஓடினால், இரண்டு வளைவுகளும் சேர்ந்து ஒரு முழு வட்டம் ஆகின்றன. வட்டத்தின் ஆரை 1.22 மீற்றர் கூடினால் சுற்றளவு ஏறக்குறைய ஏழரை மீற்றர் கூடும். அந்த ஏழரை மீற்றரைத்தான் முன்னே கொடுக்கிறார்கள். மைதானம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. கரும்பலகையில் பை (π) என்பதன் பெறுமதியைப் பாடமாக்கிய பிள்ளைக்கு அது எதற்கு என்று விளங்குவது இந்தச் சுண்ணாம்புக் கோட்டில்தான்.

சாரணியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் பக்கத்து மண்ணில் வேர் பிடித்தது. இலங்கையில் சாரணியம் தொடங்கியது 1912இல், மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில். பெண் சாரணியம் 1917இல் கண்டி உயர்தரப் பெண்கள் பாடசாலையில் தொடங்கியது. கயிற்றில் முடிச்சுப் போடுவது, கூடாரம் அடிப்பது, அடுப்பு மூட்டிச் சமைப்பது, முதலுதவி, வரைபடம் வாசிப்பது என்று படிப்படியாக வளர்ந்து, ஜனாதிபதி சாரணர் விருது வரை போகலாம். வேலை வாரம் வந்தால் சிறுவர்கள் அட்டையோடு வீடு வீடாக வருவார்கள். வாசலைக் கூட்டச் சொல்லுங்கள், சைக்கிளைக் கழுவச் சொல்லுங்கள், செய்த வேலைக்குப் பணம் கொடுத்து அட்டையில் எழுதிக் கையொப்பம் இடுங்கள். வேலை தராமல் காசை மட்டும் கொடுத்து அனுப்புவது அந்தப் பிள்ளை கற்க வந்ததைத் தடுப்பதாகும்.

பாடத்தையும் ஊர் வாழ்க்கையையும் இணைக்கும் யோசனை நமக்குப் புதிதல்ல. 1930களில், சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், நமக்கு அருகே உடுநுவரைப் பகுதியில் உள்ள ஹந்தெஸ்ஸவில் ஒரு கிராமியக் கல்வித் திட்டத்தைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். விவசாயம், கைப்பணி, சுகாதாரம், கிராமத்து வாழ்க்கை ஆகியவற்றைச் சுற்றியே பாடங்கள் அமைந்தன. அது நிலைக்கவில்லை. நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் உத்தியோகமும், கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியா என்று மக்கள் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. பரீட்சைக் கல்வியைக் குறைத்து, அதற்கு ஈடாகக் கைவேலை கொடுத்தால் எந்தப் பெற்றோரும் ஏற்க மாட்டார்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் பாடசாலையின் கடமை.

சேர்த்துக் கொடுக்க இந்த ஊரில் இருப்பது கொஞ்சமா? பிலிமத்தலாவையிலிருந்து தவுலகலை வீதியில் இறங்கினால் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்று மூன்று பழைய ஆலயங்கள். முதல் இரண்டும் 1344ஆம் ஆண்டளவில் எழுந்தவை. கடலாதெனியவைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி. தென்னிந்தியக் கட்டடக்கலையின் சாயல் அதன் கல்லில் தெரியும். லங்காதிலகப் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன் இந்த மலைநாட்டில் எழுதப்பட்ட தமிழை, பக்கத்துப் பாடசாலையில் வரலாறு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறார்கள்? ஒரு வரலாற்றுக் கழகமும், ஒரு சனிக்கிழமைக் காலையும், பஸ் காசும் இருந்தால் பார்க்கலாம். எம்பெக்கே மரத் தூண்களையும் நம் ஊர்ப் பித்தளைப் பட்டறைகளையும் சித்திரம் படிக்கும் பிள்ளைகள் அப்படியே போய்ப் பார்த்து வரையலாம்.

சான்றிதழ்களைப் பற்றியும் கேட்பார்கள். பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டு முதலிய துறைகளில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கு ஒரு விசேட ஏற்பாடு இருக்கிறது. உயர்தரப் பரீட்சையில் குறைந்தபட்சத் தகுதியும் வேண்டும். இடங்கள் மிகக் குறைவு, அதை நம்பி யாரும் பிள்ளையை ஓட விடத் தேவையில்லை. நேர்முகப் பரீட்சைகளில் சான்றிதழ்க் கோவை உதவும். அதைவிடப் பெரிய பயன், பிள்ளைக்குள் இருப்பதை ஒரு பெரியவர் கண்டுகொள்வது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முத்தையா முரளிதரன் முதலில் நடுத்தர வேகத்தில்தான் பந்து வீசினார். பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொல்லித்தான் பதினான்கு வயதில் சுழலுக்கு மாறினார். 800 டெஸ்ட் விக்கெட்டுகளின் தொடக்கம் பாடசாலை விட்ட பிறகு நடந்த ஒரு பயிற்சியில் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எந்தச் செயற்பாடு எந்தக் கிழமையில் நடக்கிறது, பொறுப்பாசிரியர் யார் என்ற பட்டியலை அறிவித்தல் பலகையில் போடும்படி அதிபரிடம் கேளுங்கள். பயிற்சி நாளில் மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுங்கள். மாலை மழைக்கு முன் முடிக்கும் நேரத்தை ஆசிரியரோடு பேசி வையுங்கள். அன்றைக்கு டியூஷன் வைக்காதீர்கள். சாதாரண தர வகுப்பு வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. ஆறாம் தரத்திலேயே ஒன்றில் சேர்த்துவிடுங்கள்.